வெட்டுப்பட்ட மூலை

விமானம் இறங்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், ஏற்கெனவே முழுக்க மூடியிருந்த ஜன்னல் மறைப்பை ஃபோர்மேன் இன்னொரு முறை கீழே அழுத்திவிட்டார். பட்டறையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பயணம் முழுக்க அவர் இருக்கையைச் சாய்க்கவில்லை. முதுகு அதில் முழுசாகப் படவும் இல்லை. மனைவி காலமான பிறகு தனியாகக் கிடந்தவரை, மகள் தான் வேலை பார்க்கும் நகரத்துக்கு அழைத்துப்போகிறாள். அந்த நகரத்தில்தான் அவருடைய தம்பியும் இருந்தான். முப்பது வருஷமாக அந்த ஊர்ப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

"சித்தப்பா உங்களை வீட்டுக்குக் கூப்பிடலப்பா," என்றாள் பக்கத்திலிருந்த மகள். "கூப்பிட்டாலும் வரமாட்டீங்கன்னு தெரியும் அவருக்கு. எறங்கறப்ப கீழ ஒரு பார்வை பாக்கச் சொன்னார். அவ்வளவுதான்."

"பாக்க என்ன இருக்கு?"

"மைதானம்."

கேட்காதவரிடம் சொல்வதுபோல, முன்னிருக்கையின் முதுகைப் பார்த்து அவள் அடையாளம் சொன்னாள். ஊரில் கால்பந்து மைதானங்கள் மூன்று. புதியவை இரண்டும் தட்டுப்போல முழு வட்டம். பழையது மட்டும் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டும்போது ரயில் பாதைக்கு வழிவிட்டு ஒரு மூலையை வெட்டிவிட்டார்கள். மேலிருந்து தேடுகிறவனுக்கு அந்த மூலைதான் அடையாளம்.

"அந்த மூலைக்குப் பக்கத்து கோல் கம்பத்துக்கு முன்னால பாக்கணுமாம்."

அந்தக் கோல் கம்பத்தைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. பட்டறை அணி அத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறை இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டம் நடந்தது அந்த மைதானத்தில்தான். தம்பிதான் கோல்கீப்பர். கடைசி நேரத்தில் ஒரு பந்து உருண்டு வந்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். குனிந்து நின்றவனின் கைக்கு முன்னால் அது சட்டென்று துள்ளி, தோளைத் தாண்டி வலைக்குள் போயிற்று. மறுநாள் பட்டறை வாசலில், கோல்கீப்பர் விலைபோய்விட்டான் என்று பேச்சு. ஃபோர்மேன் தலைகுனிந்து உள்ளே போன ஒரே நாள் அது.

வீட்டில் தம்பி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "அண்ணா, அந்த எடத்துல தரை சரியில்ல. பள்ளம் இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் இவர். "வித்துட்டு வந்தவனுக்கு இந்த வீட்ல எடமில்ல."

தம்பி சண்டை போடவில்லை. துணிப்பையோடு போனவன் சுற்றிச் சுற்றி அந்த மைதானத்திலேயே புல்வெட்டும் வேலைக்குச் சேர்ந்தான் என்று தெரிந்தபோது, "எச்சில் தின்ன எலைகிட்டயே திரும்பப் போயிருக்கான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய மனைவி சேர்ந்துகொள்ளவில்லை.

பணிப்பெண் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஐயா, ஜன்னலைத் தொறந்து வைங்க. எறங்கும்போது மூடக்கூடாது."

"வெயில் கண்ணு கூசுது."

"விதி ஐயா."

விதி என்றால் ஃபோர்மேன் மீறமாட்டார். மறைப்பைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. மகள் தன்னையறியாமல் அவர் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில்தான் அவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

கீழே வீடுகள், ஒரு ரயில் பாதை, அதை ஒட்டி ஓரம் கடிபட்ட ஒரு வட்டம். நடுவே அடுக்கடுக்காக வெட்டிய புல், பச்சைக்குள் பச்சையாக. வெட்டுப்பட்ட மூலைக்கு அருகில், கோல் கம்பத்துக்கு முன்னால், ஒரு கண் திறந்ததுபோல் வெள்ளையாக ஏதோ பளீரென்று அடித்தது. தண்ணீர். மற்ற இடமெல்லாம் உறிஞ்சிக் காய்ந்திருக்க, அங்கே மட்டும் தேங்கி நின்றது.

பட்டறையில் புது இயந்திரம் இறக்கும் முன் தரை சமமா என்று பார்க்க அவர் ரசமட்டத்தை நம்பமாட்டார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். மனுஷன் பொய் சொல்லுவான், தண்ணி சொல்லாது என்று ஆட்களிடம் சொல்லுவார். தம்பி அதே பட்டறையில் அதே தரையில் நின்று அதைக் கேட்டவன்.

"ஊத்தி வெச்சிருக்கான்," என்றார்.

"ஊத்தினா நிக்குமாப்பா, பள்ளம் இல்லாம?"

அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். "அவனே தோண்டியிருப்பான்," என்றார். குரல் அவருக்கே சன்னமாகக் கேட்டது.

"அடியில தூர்ந்துபோன கெணறு இருக்காம். வருஷா வருஷம் மண்ணு கொட்டறார். மூட மூட எறங்குதாம்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நான் ஸ்கூல் படிக்கறப்பவே அம்மாகிட்ட சொன்னாராம். அம்மா உங்ககிட்ட சொல்ல வந்தப்ப, அவன் பேச்சை எடுத்தா நீயும் அவன் பின்னாலயே போயிடுன்னீங்களாம்."

மைதானம் இறக்கைக்குக் கீழே போய் மறைந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். முதுகு அப்போதும் நேராகத்தான் இருந்தது. அதைச் சாய்ப்பது எப்படி என்றே அவருக்குத் தெரியவில்லை.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் ஓடுபாதையில் கிடந்த மழைநீர் விசிறியடித்து ஜன்னல் முழுக்கத் தெறித்தது. வேகம் குறைந்ததும் மகளின் கைப்பேசி அதிர்ந்தது. அவள் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பாத்தாரான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

"மேகம் மறைச்சிருச்சுன்னு சொல்லு."

அவள் எதையும் எழுதவில்லை. திரையின் மேல் விரல் அப்படியே நின்றது. ஃபோர்மேன் கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். அழுத்தி, வட்டம் வட்டமாக, ஒரு மூலை விடாமல் துடைத்தார். துளிகள் கண்ணாடிக்கு வெளியே இருந்தன.