கரைக்கு இன்னும் ஒரு பத்து

மிசினைத் தூக்கி நிமிர்த்தியபோது உள்ளே தண்ணீர் புரண்டது. அதைப் பிடித்திருந்த நான்கு ஆண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். கரையில் கட்டிய வள்ளத்தின் அடியில் அலை தட்டுகிற அதே சத்தம். விறாந்தையில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடக் கொஞ்சம் ஓய்ந்தார்கள்.

சவப்பெட்டி வரப்போகிறது. பஸ்ரியனைக் கிடத்த வேண்டிய நடுக் கூடத்தில், ஆள் நீளத்துக்கும் மேலாக அந்த மிசின் கிடந்தது. இருந்த இடத்திலிருந்தே வள்ளம் வலிப்பதுபோல இழுத்துப் பழகுகிற உடற்பயிற்சி மிசின். அறைக்கதவால் உள்ளே போகாது என்றார் ஒருவர், இன்னொருவர் தண்ணீரை ஊற்றிவிடலாமா என்று கேட்டார். கடைசியில் சுவரோரமாக நட்டமாக நிறுத்தி வெள்ளைத் துணியால் மூடினார்கள். பெட்டியின் தலைமாட்டுக்கு நேரே அது வருமென்று யாரும் யோசிக்கவில்லை. மகள் நிறஞ்சலா யோசித்தாள். அதை வாங்கியவள் அவள்தான், வாயைத் திறக்க முடியவில்லை.

வாசலடியில் அப்பாவின் றப்பர்ச் செருப்பு கிடந்தது. எடுத்து ஒதுக்கி வைக்கக் குனிந்தாள்.

"அதில தொடாத. கிடக்கட்டும்" என்றாள் தாய் கிறேஸ்.

இரண்டு வருசத்துக்கு முன் ஒருமுறை நெஞ்சு பிடித்தபின் பஸ்ரியனைக் கடலுக்கு விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வள்ளத்தை விற்றார்கள். நடக்கலாமென்றால் முழங்கால் விடவில்லை. மனுசன் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்துப் பார்த்தே வற்றிக்கொண்டு வந்தார். நிறஞ்சலாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டினத்து மருந்துக்கடையில் அவளுக்கு வேலை, அதனால் வீட்டில் பாதி டொக்டர் அவள்தான். கிளினிக்கில் கேட்டாள். இருந்து இழுக்கிற மிசின் பாவிக்கலாம், ஆனால் இறுக்கத்தைக் குறைத்து வைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கோ, மூச்சு வாங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார்.

அதன்பிறகு மாதக்கணக்கில் கைபேசியும் கையுமாக இருந்தாள். காற்றாடி பூட்டியது ஒன்று இருந்தது. அது போடுகிற இரைச்சலுக்கு அயல் சண்டைக்கு வரும். காந்தம் வைத்தது இன்னொன்று. அதில் சத்தமே இல்லை, இறுக்கத்துக்கான திருகைக் குறைத்துவிட்டால் எப்படி இழுத்தாலும் லேசாகவே இருக்கும், மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். கனடாவில் இருக்கும் தம்பி மில்ரன் அதைத்தான் வாங்கச் சொன்னான். மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி வைத்தது. அதற்குத் திருகு கிடையாது. மெல்ல இழுத்தால் மெல்ல வரும், வேகமாக இழுக்க இழுக்கக் கனக்கும், கடலைப்போல.

அந்த மூன்றாவதின் வீடியோவை ஒருநாள் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார். "திரும்பப் போடு, பிள்ளை" என்றார். அதோடு தெரிவு முடிந்தது. டொக்டர் சொன்னது இதைத்தான், இதிலும் இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று தம்பிக்கும் தாய்க்கும் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

கடலைக் காலடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் துடுப்புத் தண்டு வலிக்க மிசின் இறக்கின கதையைச் சொல்லிச் சிரித்து ஓயப் பள்ளிமுனைக் கிராமத்துக்கு ஒரு கிழமை பிடித்தது. இண்டைக்கு என்ன மீன் பட்டது என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். சுறா ஒண்டு, கறிக்கு வாங்கோ என்பார் பஸ்ரியன். அவர் அப்படிச் சிரித்து அந்த வீடு கண்டு நெடுநாளாகியிருந்தது. நிறஞ்சலாவுக்கு அந்தப் பொய் மறந்தே போனது.

கடலுக்குப் போகிறவர்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வந்து மிசினில் இருப்பார். சண்டைக் காலத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல், வலை போட்ட இடத்திலிருந்து கரைவரை தண்டு வலித்தே வந்தவர் அவர். அந்தத் தூரத்துக்கு அவருக்கு ஒரு செபமாலை கணக்கு. பத்து 'அருள் நிறைந்த மரியே' ஒரு பத்து, அப்படி ஐந்து பத்து. ஐந்தாம் பத்து முடிந்தால் கரை. மிசினிலும் அதே கணக்குத்தான், வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி இழுப்பார். போதும் எழும்புங்கோ என்று கிறேஸ் இடையில் கத்தினால், நடுக்கடலில் இறங்கச் சொல்லுறியோ என்று கேட்பார்.

நேற்றுக் காலை நிறஞ்சலா வேலைக்குப் போக வீட்டு ஒழுங்கை முகப்பில் ஓட்டோவுக்கு நின்றாள். தாயின் குரல் கேட்டு ஓடிவந்தபோது அப்பா மிசினுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தார். அதே ஓட்டோவில்தான் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உயிர் இல்லை என்றார்கள்.

பெட்டி வந்தது. மெழுகுதிரி கொளுத்தினார்கள். மில்ரன் கைபேசியில் வந்து தகப்பனின் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேவிக் கேவி அழுதான். அழுது முடித்ததும் அவள் பயந்த கேள்வியைக் கேட்டான்.

"அக்கா, இறுக்கத்தைக் குறைச்சுத்தானே விட்டிருந்தனீங்கள்?"

"ஓம்" என்றாள்.

இல்லாத திருகை எப்படிக் குறைப்பது? செத்த வீட்டில், பெட்டிக்கு முன்னால் நின்றும் பொய் வந்துவிட்டது. நாளைக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன் யாரிடமாவது சொல்லாவிட்டால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. தாயைத் தேடினாள்.

கிறேஸ் குசினியில் தனியே நின்றாள். நேற்று அவித்த பிட்டு ஓலை நீத்துப்பெட்டியிலேயே புளித்துக் கிடந்தது. அதைக் கொட்டவுமில்லை, மூடவுமில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் வாயெடுக்கும் முன்பே அவள் பேசினாள்.

"நாலாம் பத்தில அவற்ற செபம் கெதியாச்சுது, பிள்ளை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எனக்கு நல்லாக் கேட்டது. பிட்டு மணத்துக்கு அவசரப்படுறார் எண்டு நினைச்சு, சிரிச்சுக்கொண்டு தேங்காய் திருவினனான். நாலு முடிஞ்சுது. பிறகு சத்தமில்லை. எழும்புங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. நான்தான் அவரைச் சாகவிட்டிட்டன்."

நிறஞ்சலாவுக்கு உடனே விளங்கியது. அவர் பிட்டுக்கு அவசரப்படவில்லை. நெஞ்சு நோ வந்திருக்கிறது, கரைக்கு ஓடப் பார்த்திருக்கிறார். ஓட ஓடத் தண்ணீர் கனத்திருக்கிறது.

"அம்மா, டொக்டர் அதை வாங்கச் சொல்லேல்ல. இறுக்கம் குறைக்கிறதைத்தான் சொன்னவர். கெதியா இழுத்தா இது கனக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினனான்."

தாய் அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் எவ்வளவோ நல்லது என்றும் நினைத்தாள். கிறேஸ் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "அப்ப கரைக்குத்தான் வரப் பாத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அங்கே கோவில் மூப்பர் சந்தியோகு முழங்காலில் நின்று சிலுவை அடையாளம் போட்டுச் செபமாலையைத் தொடங்கப் போனார். சனமும் முழங்காலில் நின்றது.

"மூப்பர்" என்றாள் கிறேஸ். "ஐஞ்சாம் பத்தில இருந்து சொல்லுங்கோ. நாலை அவர் முடிச்சிட்டார்."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. துக்கத்தில் மனுசிக்கு மூளை தட்டிவிட்டது என்று பின்னால் ஒருத்தி குசுகுசுத்தாள். மூப்பர் கிறேஸைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். சண்டைக் காலத்தில் பஸ்ரியனோடு ஒரே வள்ளத்தில் தண்டு வலித்தவர் அவர். விரலால் மணிகளைத் தள்ளித் தள்ளி ஐந்தாம் பத்துக்கு வந்து நிறுத்தினார்.

"அருள் நிறைந்த மரியே" என்று மெதுவாக, மிக மெதுவாகத் தொடங்கினார். சனம் பதில் சொன்னது. ஒவ்வொரு மணியாகக் கழியக் கழிய, இது முடியக்கூடாது என்று நிறஞ்சலா கெஞ்சினாள், யாரிடம் என்று தெரியாமலே. முடிந்தால் அப்பா கரையில் இறங்கிப் போய்விடுவார். பிறகு அவள் எங்கே போய் யாரிடம் மன்னிப்புக் கேட்பாள்?

பத்தாவது மணி கழிந்தது. மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

கிறேஸ் எழுந்து வாசலடிக்குப் போனாள். செருப்பு இரண்டையும் எடுத்து வந்து பெட்டியின் கால்மாட்டில், இறங்குகிறவர் கால் வைக்க வசதியாகத் திருப்பி வைத்தாள்.