தலைகீழாய் மாட்டிய படம்

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குப் போனவர்கள் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் கூடத்துச் சுவரைக் காலி செய்துவிட வேண்டும் என்று நீலாம்பாளின் தம்பி பகவதிப்பெருமாள் ஒற்றைக்காலில் நின்றான்.

"அத்தானோட கடை முதலாளி வருவார், சம்பந்தக்காரங்க வருவாங்க அக்கா. செத்த வீட்டில இதையெல்லாம் பாத்து அவங்க சிரிக்கணுமா?"

நீலாம்பாள் தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். நடுக்கூடத்தில் அவள் புருஷன் பூதலிங்கம் பிள்ளை கிடந்தார். சாலைக் கடைத்தெருவில் காகிதக் கடைக் கணக்கர். சுவர் நிறைய அவர் சேர்த்த படங்கள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி அச்செடுத்தவை. சாமியும் இல்லை, மனுஷனும் இல்லை, வெறும் கோடும் கறுப்பும். ஊரில் மற்றவன் நிலம் சேர்த்தான், நகை சேர்த்தான். இந்த மனிதர் யுத்தப் பஞ்சத்திலும் கல்கத்தாவிலிருந்துகூடத் தபாலில் இதை வரவழைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலில்தான் ஒரு தீபாவளியன்று, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு படத்தின் கயிற்றை அவிழ்த்து அடிப்பக்கம் கட்டித் தலைகீழாக மாட்டினாள். வந்தவரை உறவு மொத்தத்தின் முன்னால் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பார்த்தார். "நல்லா இருக்கே" என்றார். வீடே வயிறு வலிக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார். அதன்பின் ஆரியசாலைத் தெரு முழுக்க 'மேல்கீழ் தெரியாத பிள்ளை' என்று பெயர். தெரியவில்லை என்றே அவளும் நம்பினாள். படம் அப்படியே தொங்கிற்று.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஸ்ரீகண்டன் உள்ளே வந்தான். கடையில் காகிதம் வாங்கும் சித்திரக்காரன். தலைகீழாகத் தொங்கிய அந்தப் படத்தைச் செதுக்கியவனே அவன்தான். உடலைக் கும்பிட்டு நிமிர்ந்ததும் அவன் கண் அங்கே போயிற்று.

பகவதிப்பெருமாள் இளித்தான். "தலைகீழா இருக்குல்லா? அத்தானுக்குக் கடைசிவரை தெரியாது, கேட்டியளா."

"தெரியாதா?" ஸ்ரீகண்டன் நீலாம்பாளைப் பார்த்தான். "அந்தத் தீபாவளி கழிஞ்சு நான் வந்திருந்தேன் அம்மா, நீங்க உள்ள இருந்தீங்க. நேராக்கப் போனேன், பிள்ளைவாள் கையைப் பிடிச்சிட்டார். 'சாரமில்ல, விடு ஸ்ரீகண்டா. இந்த வீட்டில அவ தன் கையால மாட்டின படம் இது ஒண்ணுதான். அப்படியே இருக்கட்டும்'னார்."

பகவதிப்பெருமாள் தரையைப் பார்த்தான். நீலாம்பாளுக்கு அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, கூடவே சிரித்த அந்த முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"நான் திருப்பி வைக்கட்டா அம்மா?"

"வேண்டாம். நான் மாட்டுதேன்."

எழுந்து போய்ப் படத்தை இறக்கினாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். நேராகப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆணியில் மாட்டப் போனாள். கயிறு இப்போது அடியில் தொங்கிற்று. அவளே போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பியும் அவிழவில்லை.

தெருமுனையில் நீர்மாலைச் சங்கு கேட்டது.

"வந்துட்டாங்க அக்கா. இங்க வா, அத்தான் பக்கத்தில இரு."

நீலாம்பாள் திரும்பவில்லை. படத்தை நேராகச் சுவரோடு வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.