ஐந்து நாளைக்கு யாரும் வேண்டாம்

பித்தப்பையை எடுக்க வயிற்றில் நாலு துளை போட்டால் போதும் என்றுதான் அய்யாக்குட்டிக்கு முதலில் சொன்னார்கள். துறைமுகச் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மனுஷன், கடையை அடைக்க மனசு வராமல் வலியை மாத்திரையால் அமுக்கி ஆறு மாதம் ஓட்டிவிட்டார். உள்ளே சீழ் கட்டி எல்லாம் ஒட்டிக் கிடந்ததால், விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டியதாயிற்று.

"துளை போட்டுச் செஞ்சா உடம்புக்கு அடி கம்மி. இது பெரிய வெட்டு. எதிர்ப்பு சக்தி கொஞ்ச நாளைக்குப் படுத்துரும். சுகரும் இருக்கு. அஞ்சு நாளைக்கு யாரையும் உள்ள விடாதீங்க" என்றார் டாக்டர்.

அய்யாக்குட்டியின் மனைவி செண்பகம் தலையாட்டினாள். முழுசாக நம்பினாளா என்றால், இல்லை. போன வருஷம் கொழுந்தன் பெண்டாட்டி ரம்யாவுக்கும் இதே பித்தப்பைதான். துளை போட்டு எடுத்தார்கள். மறுநாளே சொந்தமெல்லாம் திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கதையளந்தது. அவள் நாலாம் நாள் வீட்டில் நின்று தோசை சுட்டாள். அதே பைதானே, இவருக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று செண்பகத்துக்கு உள்ளூர ஒரு தைரியம். வெட்டு மாறினால் உடம்பின் தெம்பும் மாறும் என்று யார் கண்டது?

இரண்டாம் நாள் காலை திருச்செந்தூரிலிருந்து தனராஜ் வந்தார். மகள் ஐஸ்வர்யாவுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா. கையில் ஆப்பிள் பை, நெஞ்சில் கரகரவென்று இருமல். நம் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகாவிட்டால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். அப்படி வந்த சம்மந்தியை வாசலோடு அனுப்பினால் கல்யாணமே நின்றுபோகும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். செண்பகம் கதவைத் திறந்தாள், நாற்காலியும் இழுத்துப் போட்டாள். அவர் அய்யாக்குட்டியின் கையைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் பேசினார், இருமினார், மறுபடி பேசினார்.

நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. நுரையீரல் இரண்டிலும் கிருமி இறங்கிவிட்டது, பிழைப்பது கஷ்டம் என்றார்கள். இருமலோடு யாராவது வந்தார்களா என்று டாக்டர் கேட்டபோது அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெறும் துளையாக இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பார் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, தொண்டையில் குழாய் போட ஏற்பாடு செய்யச் சொன்னார்.

அதற்கு முன் இரண்டு நிமிஷம் அவளை உள்ளே விட்டார்கள். பாவி, என் கையாலேயே கதவைத் திறந்துவிட்டேனே என்று கதற வேண்டும்போல் இருந்தது. அய்யாக்குட்டி ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"ஏளா, சம்மந்தி வந்து கையப் புடிச்சுட்டுப் போனாருல்லா... இனி நான் இல்லாட்டியும் பிள்ளையக் கைவிட மாட்டாரு. நீ அவர உள்ள விட்டியே, ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

செண்பகம் "ஆமா" என்றாள். நர்ஸ் அவளை வெளியே போகச் சொன்னாள்.