தேயாத பக்கம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அமெரிக்காவில், நாக்ஸ்வில் பழைய சாமான் சந்தையில், ஓர் இசைத்தட்டுக்குப் பேரம் பேசும்போது கிடைத்தது. ஒரு பக்கம் ஊசி உழுது தேய்ந்திருந்தது. மறுபக்கத்தில் முகம் பார்க்கலாம்.

"பாதித் தட்டுதானே ஒழுங்கா இருக்கு, பாதி விலை போடு."

"அண்ணே, யாரும் கேக்காத பாதி அது. அதுக்குத்தான் விலை ஜாஸ்தி."

2

1927. மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தா—

(வேண்டாம். கன்ட்ரி பாட்டுக் கதை என்றாலே யாராவது மலையிறங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.)

இடெல்லா ஸ்டாம்பர் ஒலிப்பதிவுக்கு வந்து நிற்கிறாள். தீவனக் கிடங்கு, எதிரொலிக்காமலிருக்கச் சுவரெங்கும் கம்பளி. புருஷன் ஆர்வில் சண்டை போட்டுக்கொண்டு டெட்ராய்ட் கார் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கடிதம் படிக்கத் தெரியாதவன். பாட்டென்றால் கேட்பான். மலைப்பாட்டின் வழக்கம் அவனுக்கும் தெரியும்: ஐந்து சரணம் வசவு, ஆறாவதில்தான் 'வீட்டுக்கு வா'.

"சிவப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்திடணும்மா," என்றார் பதிவுக்காரர் ப்ரூயிட். "பதியுற மெழுகுத் தட்டுல மூணு நிமிஷத்துக்கு மேல இடமில்ல."

"அது திட்டி முடிக்கவே பத்தாதுங்களே!"

"கொஞ்சம் குறைச்சுத் திட்டுங்க."

"குறைச்சா, பாடுறது நான் இல்லன்னு நெனச்சுக்குவான்."

ஐந்தாம் சரணத்தில் விளக்கு எரிந்தது. ஆறாவது தொண்டையிலேயே நின்றது.

"அதை மறுபக்கத்துல பாடுங்க."

பாடினாள். ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்ப, பக்கம் நிறையும்வரை.

"திருப்பிப் போடுவாங்கல்ல?"

"வாங்குறவங்க திருப்பாமயா இருப்பாங்க?"

3

முதல் முடிவு: டெட்ராய்ட் விடுதி. அடுத்த அறைக்காரன் தட்டைப் போடுகிறான். ஆர்வில் சுவரில் காதை வைத்து ஐந்து வசவையும் வாங்கிக்கொண்டு ஆறாவதற்குக் காத்திருக்கிறான். வரவில்லை. அப்படியென்றால் வராதே என்கிறாள்.

"என்னமா திட்டுறா பாரு இவ!" அடுத்த அறைக்காரன் சிரித்துக்கொண்டே அதே பக்கத்தை மறுபடி போடுகிறான்.

இரண்டாம் முடிவு: ஆர்வில் போய் அந்தக் கதவைத் தட்டி, மறுபக்கம்—

(ஓங்கிய கையோடு நிற்கிறான். தட்டவைக்க என்னால் முடியவில்லை. தனியாளுக்கு அடுத்த அறைக் கதவு வெகுதூரம்.)

4

என் தட்டின் மறுபக்கத்தை நான் இன்னும் போடவில்லை. அதில் யாரோ வெறும் பிடில் வாசித்திருக்கலாம். இடெல்லாவே என் கற்பனைதான். ஆனால் அந்தப் பக்கம் தேயவில்லை என்பது கற்பனையில்லை.

அடுத்த அறை இனி உங்களுடையது. சுவருக்கு அப்பால் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு விளக்கு எரிந்துவிட்டது. தட்டைத் திருப்