உப்புக்கொத்தியின் மூன்றாவது முட்டை

“அடச்சீ! போ! போ!”

கடற்கரையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். மணலில் குப்புறப் படுத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, கேமராவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். தொப்பி பறந்தது. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று எங்கே கழன்றதென்று தெரியாது. கையில் அகப்பட்ட சிப்பியை எடுத்து வீசினாள். அது காக்காயை விட்டுப் பத்தடி தள்ளி விழுந்தது. காக்கா அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அலகில் கவ்விய முட்டையோடு நிதானமாக எழும்பி, பாறைமேல் போய் உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்க உடைத்துக் குடித்தது.

மூன்று முட்டையில் ஒன்று போச்சு.

இருபது நாள்! உப்புக்கொத்தி என்கிற அந்தக் கைப்பிடி அளவுப் பறவை மணலில் சின்னதாக ஒரு குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டையிட்டு, வெயிலிலும் காற்றிலும் அசையாமல் அடைகாத்தது இருபது நாள். இன்னும் நாலைந்து நாளில் குஞ்சு வெளியே வந்திருக்கும். கடையைத் திறப்பதற்கு முன்னால் தினமும் காலையில் வந்து, முப்பது தப்படி தள்ளிப் படுத்து, அவள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடு இருக்கும் இடத்தைக் கேமரா சங்கத்துக்குச் சொல்வதற்கு முன்னால், ஒவ்வொருத்தரையும் அவரவர் கேமரா மீது கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். முப்பது தப்படிக்குள் ஒருத்தரும் போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இப்போது அவளே அந்தச் சட்டத்தை மீறிப் பத்துத் தப்படிக்குள் நின்றாள். நின்ற பிறகுதான் விஷயம் உறைத்தது.

கூட்டுக்கு முன்னால் காய்ந்த கடற்பாசி ஒரு கொண்டை அளவுக்குக் குவிந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு வளைந்த குச்சி, ரெண்டு பாட்டில் மூடி, கொஞ்சம் கயிற்றுப் பிசிறு. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. உப்புக்கொத்திக்கு அதுதான் கதவு, திரை, காவல்காரன் எல்லாம். அந்தக் குப்பைக்குள் முட்டை இருப்பது மேலே பறக்கிற காக்காய்க்குத் தெரியாது. இன்றைக்கு அதில் ஒன்றுகூட இல்லை. கூட்டைச் சுற்றி மணல், விருந்தாளி வரப்போகிற வீட்டுக் கூடம் மாதிரி துடைத்து வைத்தாற்போலக் கிடந்தது. பாசியும் குச்சியும் மூடியும் பதினைந்தடி தள்ளி ஓர் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

எந்தக் காற்றும் குப்பையை இப்படி ஒழுங்காகக் குவித்து வைக்காது. இது மனிதக் கை.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்து சுருக்கென்றது. கால்மணி நேரத்துக்கு முன்னால், முதல் வெளிச்சத்தில் கேமரா வழியே பார்த்தபோதே பாசி இல்லாதது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தாள்? ‘ஆகா!’ என்றாள். தடையே இல்லாமல் பறவையும் மூன்று முட்டையும் பளிச்சென்று தெரிந்தன. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அடுக்கடுக்காக நாற்பது படம் எடுத்தாள். நாற்பத்தொன்றாவது படத்தில் காக்கா இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. கோபம் வேண்டிய அளவுக்கு இருந்தது. அதை இறக்கி வைக்க ஓர் ஆள்தான் தேவை.

ஆள் வந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா சத்தம்? பாம்பா?”

“பாம்பு இப்பத்தான் வருது.”

வந்தவர் பல் டாக்டர், கேமரா சங்கத்தின் தலைவர். அவர் லென்ஸின் நீளத்தைப் பார்த்துச் சங்கத்தில் வைத்த பேர் பீரங்கி. போருக்குப் புறப்பட்டவர் போலப் பச்சைப் புள்ளிச் சட்டை, முட்டிக்கு உறை, தோளில் பீரங்கி. பின்னாலேயே சங்கத்தின் செயலாளர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், முக்காலியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வந்தார்.

“ஒரு முட்டை போச்சு,” என்றாள் அவள். “பாசியை எடுத்துட்டு, சுத்தி இருந்ததையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு, காக்காய்க்கு இலை போட்டுப் பரிமாறியிருக்காங்க.”

“யாரு?”

“அதைத்தான் நான் உங்களைக் கேட்கிறேன்.”

பீரங்கி திகைத்துப் போய் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கடலைப் பார்த்தார்.

“என்னைப் பார்த்தா கேட்கிறீங்க?”

“வேற யாரைக் கேட்க? ரெண்டு வருஷம் முன்னாடி மீன்கொத்தி படத்துக்காகக் கிளையை ஒடிச்சது நானா? பரிசு வாங்கினது நானா?”

“அதுக்குப் பொதுக்குழுவுல எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டேனேம்மா. பரிசையும் திருப்பிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் ஒரு இலையைக்கூடத் தொட்டதில்லை.”

“நேத்து சாயங்காலம் இங்கே வந்தீங்களா இல்லையா?”

“வந்தேன். மேகத்தை எடுத்தேன். வாட்ஸ்அப் குழுவுல போட்டேனே, நீங்ககூடக் கட்டைவிரல் போட்டீங்களே!”

“அந்தக் கட்டைவிரலை இப்பவே திரும்ப எடுத்துக்கிறேன். இன்னிக்கு ராத்திரிதான் போட்டிக்குப் படம் அனுப்பக் கடைசி நேரம். தலைப்பு, கடலோர உயிரினங்கள். சுத்தமான படம் யாருக்கு வேணும்? எனக்கா, வாத்தியாருக்கா?”

“எனக்கு வேண்டாம்,” என்றார் வாத்தியார் அவசரமாக. “நான் நண்டுதான் அனுப்புறேன்.”

பாறைமேல் இன்னொரு காக்கா வந்து உட்கார்ந்தது. முதல் காக்காய் அதற்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது போலிருந்தது. ரெண்டும் சேர்ந்து கழுத்தைச் சாய்த்துக் கூட்டுப் பக்கம் பார்த்தன.

“அப்புறமா என்னைத் திட்டுங்க,” என்றார் பீரங்கி. “முதல்ல அந்தப் பாசியை இருந்த இடத்துலயே திரும்ப வைக்கணும். இல்லேன்னா அரைமணி நேரத்துல மீதி ரெண்டும் காலி.”

சொல்லிவிட்டு லென்ஸை வாத்தியார் கையில் கொடுத்தார். ஒதுக்கிக் கிடந்த பாசியை இரண்டு கையாலும் அள்ளி, குனிந்து, பிறகு முட்டி போட்டு, பிறகு கிட்டத்தட்டத் தவழ்ந்துகொண்டே போனார். தாய்ப்பறவை எங்கிருந்தோ ஓடி வந்து அவர் முன்னால் ஓர் இறக்கையை மணலில் இழுத்து இழுத்து நொண்டியது. ஒடிந்துபோன மாதிரி நடிப்பு. ‘என்னைப் பிடி, என் பின்னாலே வா’ என்று அவரைக் கூட்டை விட்டுத் திசை திருப்பப் பார்த்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பாசியை வைத்தார். குச்சியை, முன்பு அது எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ அந்தப் பக்கமே வளைத்து வைத்தார். மூடி இரண்டையும் மறக்கவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து, தன் கால்தடங்களைக் கையால் அழித்துக்கொண்டே வந்தார்.

பார்க்கிற யாருக்கும் மனசு இளகியிருக்கும். கண்ணாடிக்கடைக்காரிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பார்த்தீங்களா வாத்தியாரே? எது எது எங்கே இருந்ததுன்னு அச்சு பிசகாம ஞாபகம் இருக்கு. எடுத்தவனுக்குத்தானே வைக்கத் தெரியும்?”

“போன வாரம் அவரும் படம் எடுத்தாரேம்மா. படத்துல பார்த்திருப்பாரு.” வாத்தியார் குரல் இறங்கியது. “நிரூபிக்காம ஒரு முடிவுக்கு வரக் கூடாது.”

“இது உங்க கரும்பலகை இல்லை. உயிர்.”

கைப்பேசியை எடுத்தாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணாடியைத் திருப்பி அனுப்புகிறவள், ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் படிக்கவில்லை. காக்கா முட்டையோடு பறக்கிற நாற்பத்தொன்றாவது படத்தைச் சங்கத்தின் குழுவில் போட்டு, கீழே எழுதினாள்: ‘நம் தலைவர் சுத்தமான படம் எடுப்பதற்காகக் கூட்டின் மறைவை அகற்றிவிட்டார். விளைவைப் பாருங்கள். இந்த ஆள் தலைவராக இருக்கும் சங்கத்தில் நான் இருக்க மாட்டேன். நீங்கள் இருப்பீர்களா?’

அனுப்பிவிட்டாள்.

பீரங்கியின் சட்டைப்பையில் ஒரு ‘டிங்’. அப்புறம் வாத்தியார் பையில். அப்புறம் ஓயாத டிங் டிங். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே விழித்துக்கொண்டு கைப்பேசியில்தான் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. ‘வெட்கம்!’ ‘அப்பவே நினைச்சேன்.’ ‘உடனே ராஜினாமா.’ ஒருத்தர் அழுகிற முகம் பதினொன்று போட்டிருந்தார்.

பீரங்கி முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டக்கூட மறந்து நின்று படித்தார். படிக்கப் படிக்க அவருடைய பச்சைப் புள்ளிச் சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனார்.

“என்கிட்ட பல் பார்க்கிறவங்க இருபது பேர் இந்தக் குழுவுல இருக்காங்கம்மா,” என்றார் மெதுவாக.

“நல்லது. இனிமே வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுத் திறக்கட்டும்.”

“என் பொண்ணும் இருக்கா.”

அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். தலையைத் தாழ்த்தவில்லை. பறவைக்காகப் பேசுகிறவள் எதற்குத் தாழ்த்த வேண்டும்?

தலைவர் தன் தொப்பியில் குத்தியிருந்த சங்கத்து அடையாள வில்லையைக் கழற்றி வாத்தியார் கையில் வைத்தார். வாத்தியார் அதை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், லென்ஸும் முக்காலியும் வில்லையுமாக நின்றார். தூரத்தில் உப்புக்கொத்தி நொண்டுவதை நிறுத்திவிட்டு, குடுகுடுவென்று ஓடிவந்து, பாசிக்குப் பின்னால் மறைந்து, மீதி இருந்த இரண்டின் மேலும் உட்கார்ந்துகொண்டது. காக்காய்கள் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கப் பறந்தன.

“மூணு பேரும் ஏன் இப்படி இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?”

அண்ணி வந்துவிட்டாள். கண்ணாடிக்கடைக்காரியின் மூத்த அண்ணன் மனைவி. சர்க்கரைக்கு நடக்கணும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் நாத்தனாரோடு வந்தும், சாயங்காலத்தில் தனியாக வந்தும், இந்தக் கரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பவள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்த வேர்வையோடு வந்தவள், நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டுப் பக்கம்தான் பார்த்தாள். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அட, யாரு இந்தப் பாசியை மறுபடியும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினது? படத்துக்குக் குறுக்கே வருதுன்னு நீ சாப்பிடற நேரமெல்லாம் புலம்புறியேன்னு, நேத்து சாயங்காலம் நான் இடுப்பு ஒடிய உட்கார்ந்து எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சேன்!”