கூரை மேல் வெர்னன்

வெர்னன் ஷ்ரோக் இறந்த மறுநாளிலிருந்து தன் வீட்டுக் கூரையின் மேல் குடியிருந்தார். கான்சாஸின் அந்தச் சிற்றூரில் கோதுமை விலையைப் போல இதையும் எல்லோரும் அறிந்திருந்தார்கள். காலையில் கிழக்குச் சரிவில் பூட்ஸ் சத்தம், மாலையில் மேற்குச் சரிவில். கீழே சமையலறையில் அவர் மனைவி இல்டா, ஒரு சொல்லாவது காதில் விழுமா என்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தாள். உயிரோடிருந்தபோதும் கூரையைப் பற்றியன்றி அதிகம் பேசாதவர் வெர்னன்; ஊரின் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர். காத்திருப்பதை இல்டா எவரிடமும் சொல்லவில்லை. ஷ்ரோக் குடும்பத்துப் பெண் ஏக்கத்தை வாசலில் காயப்போடுவதில்லை.

ஐந்தாம் ஆண்டு மே மாதம் ஆலங்கட்டி மழை பெய்தது. மறுநாளே வெளிமாநில வண்டியில் ஒருவன் வந்து, சேதத்தை இலவசமாகப் பார்த்துச் சொல்வதாக ஏணி போட்டு ஏறினான். மேலே போனதும் சுத்தியலை எடுத்து நல்ல ஓடுகளில் குழி போடத் தொடங்கினான். ஆலங்கட்டி விழுந்த குழி என்று காட்டி இல்டாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் காப்பீட்டுத் தொகை முழுதும் அவனுக்கு. அப்போதுதான் வெர்னனின் குரல் கேட்டது.

"ஏன்டா தம்பி, ஆலங்கட்டி நூல் புடிச்ச மாதிரி வரிசையாவா விழும்? ஏமாத்துறதையாவது ஒழுங்கா கத்துக்கிட்டு வரக்கூடாதா?"

அவன் ஏணியை விட்டுவிட்டுப் போனான். இல்டா முற்றத்துக்கு வந்து, தன்னோடும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டாள். பூட்ஸ் சத்தம் மேற்கே நகர்ந்தது.

அதன்பின் கூரைக்காரர் யார் வந்தாலும் ஊரார் முதலில் இல்டா வீட்டுக் கூரையில்தான் ஏற்றினார்கள். மேலே அமைதியாக இருந்தால் கையெழுத்து. வெர்னன் வாய் திறந்தால் கதவடைப்பு. உள்ளூர்க்காரர் யோடர் ஏறிப் பார்த்து, கூரை இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்றபோது மேலே மூச்சில்லை. நேர்மையான அந்த மனிதருக்கு இல்டா காப்பிகூடக் கொடுக்கவில்லை. பீச் பழக் கேக் எல்லாம் ஏமாற்றுக்காரர்களுக்குத்தான்.

செய்தி பரவியது. ஏமாற்றுக்காரர்கள் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்று கோடைகள் கழிந்தன. ஊர் நிம்மதியாகத் தூங்கியது, இல்டாவைத் தவிர. நான்காம் வசந்தத்தில் அவள் டெக்சாஸ் நாளிதழ் ஒன்றுக்குத் தன் கைப்பட விளம்பரம் எழுதி அனுப்பினாள். வயதான பெண்மணி தனியாக இருக்கிறாள், கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திடுவாள்.

"என்ன இல்டா, திருடனுக்குப் பத்திரிகை அடிச்சுக் கூப்பிடுறியா?" என்றாள் பக்கத்து வீட்டு எட்னா.

"அவர் குரலைக் கேட்டு மூணு வருஷமாச்சு, எட்னா."

வியாழக்கிழமை டெக்சாஸிலிருந்து முதல் வண்டி வந்தபோது, எட்னா ஏணி வைக்க இடம்விட்டுத் தன் காரைத் தள்ளி நிறுத்தினாள்.