யார் வீட்டுச் சோறு

பாண்டீஸ்வரி சென்னைக்குக் கிளம்பிய அன்று அவள் புருஷன் தங்கபாண்டி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். காய் எடுப்பு நடக்கிற நேரம் அது. போடிமெட்டுக்குக் கீழே சரிவில் கிடக்கிற மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை விட்டு அவரால் நகர முடியாது. சிலமலையில் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார்:

"பவதா மனசுல என்ன இருக்குன்னு தெரியாம அவுக கூட கை நனைச்சுறாத. நனைச்சுட்டா அப்பறம் பேச்சு நம்ம கையில இல்ல."

உங்களுக்குத் தெரியாததா? சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், முடிவாகும்வரை அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ரொம்பக் கட்டுத்திட்டமானவர்கள் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார்கள். ஒரு வாய் உள்ளே போய்விட்டால் சரி என்று சொல்லியாயிற்று. அதைத்தான் கை நனைப்பது என்பார்கள்.

ஆனால் மகள் பவதாரணி மனதில் என்ன இருக்கிறதென்று பெற்ற தாய்க்கே பிடிபடவில்லை. சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறாள். செழியன் என்ற பையனோடு நாலு மாதமாகப் பேசிப் பழகுகிறாளாம். பையனின் தாய் தகப்பன் தேவாரத்துக்காரர்கள், சென்னைக்குப் பிழைக்கப் போய் இருபது வருடம் ஆகிறது. லவ்வா என்று பாண்டீஸ்வரி போனில் கேட்டாள். இல்லம்மா என்றாள் மகள். அப்படியானால் நாங்கள் பார்த்துப் பேசி முடிக்க வேண்டியதா என்றாள். அதுவும் இல்லம்மா என்றாள். ரெண்டு வீட்டாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும், சும்மா ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் என்று போனை வைத்துவிட்டாள்.

சும்மாச் சாப்பாடு என்று ஒன்று உண்டா? போடியில் ரயில் ஏறினதிலிருந்து பாண்டீஸ்வரி இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தாள். துணைக்கு வந்த தம்பி வீரணன் தாய்மாமன் என்ற கௌரவத்தில் வெள்ளை வேட்டி கட்டியிருந்தானே தவிர, அவன் யோசிக்கிற ஆள் இல்லை. ராத்திரி கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றையும் அவனே முடித்துவிட்டான்.

பவதா வரச் சொன்ன இடம் தாய்லாந்துச் சாப்பாடு போடுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே போனால் கூடையைக் கவிழ்த்த மாதிரி விளக்குகள், முகம் பாதிதான் தெரிகிறது. இடம் கிடைக்கப் பேர் கொடுத்துவிட்டு ஒரு கூட்டமே காத்து நிற்கிறது. உட்கார்ந்தவர்களோ சாப்பிடாமல் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலிலேயே அவளுக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. செழியனின் தகப்பன் விஜயகுமாரும் தாய் சுகன்யாவும் இவர்களைப் பார்த்ததும் "வாங்க, வாங்க" என்றார்கள். அதே நேரத்தில் இவளும் வீரணனும் அவர்களைப் பார்த்து "வாங்க" என்றார்கள். வாங்க என்று சொல்லுகிறவர்கள் வீட்டுக்காரர்கள், வருகிறவர்கள் விருந்தாளிகள். ரெண்டு பக்கமும் வாங்க என்றால் வந்தது யார்? இடத்தைப் பிடித்துவைத்தது பவதா. அப்படிப் பார்த்தால் இது நம்முடைய விருந்து. ஊரோ அவர்களுடைய ஊர். அப்படிப் பார்த்தால் அவர்களுடைய விருந்து.

உட்கார்ந்ததும் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். வீரணனின் கை டம்ளருக்கு நீண்டது. மேசைக்குக் கீழே பாண்டீஸ்வரி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கை திரும்பிவிட்டது.

பிறகுதான் எதிரே கவனித்தாள். சுகன்யாவின் டம்ளரிலும் தண்ணீர் குறையவில்லை. விஜயகுமாரின் டம்ளரிலும் குறையவில்லை.

சூப் வந்தது. செழியன் எழுந்து முதலில் பாண்டீஸ்வரிக்குத்தான் ஊற்றினான். அதில் மிதக்கிற புல்லை மென்றுவிடாதீர்கள், ஒதுக்கிவைத்துவிடுங்கள் அத்தை என்று பொறுமையாகச் சொன்னான். நல்ல பிள்ளைதான். அத்தை என்றுவிட்டானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? கிண்ணத்திலிருந்து ஆவி வந்தது. எலுமிச்சையும் சித்தரத்தையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம்.

வீரணன் காதோரம் குனிந்தான். "சளிக்கு வைக்கிற கசாயம் மாதிரியே இருக்குக்கா. மருந்துன்னா கை நனைச்சதுல சேத்தி இல்லைல்ல?"

"பேசாம இரு."

சாப்பிடுங்க மதினி என்றாள் சுகன்யா. நீங்க சாப்பிடுங்க மதினி என்றாள் பாண்டீஸ்வரி. விஜயகுமார் கரண்டியை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். சூப் ஆறியது. சோறும் பச்சைக் குழம்பும் வந்தது, பொரித்த மீன் முழுசாக வந்தது, நூடுல்ஸ் வந்தது. சின்னஞ்சிறுசுகள் ரெண்டும் சாப்பிட, பெரியவர்கள் நாலு பேரும் பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர் ரெண்டு தரம் வந்து, ருசி சரியில்லையா என்று விசாரித்துவிட்டுச் சூப்பைச் சூடுபண்ண எடுத்துப் போனார்.

பாண்டீஸ்வரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செழியன் ஏதோ பேசிக்கொண்டே பவதாவின் தட்டில் கிடந்த காளானை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். அவள் ஒதுக்கவில்லை, அவன் கேட்கவில்லை. பலநாள் பழக்கம் போல நடந்தது. அதைப் பார்த்ததும் பாண்டீஸ்வரியின் கை தானாகக் கரண்டிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து விஜயகுமார், கடைசிக் காய் எடுப்பு எந்த மாதம் முடியும், அதற்குப் பிறகு ஒரு நாள் பார்த்தால் தோதாக இருக்குமல்லவா என்று மெதுவாகக் கேட்டார். பவதாவின் முகம் சுருங்கிவிட்டது. மென்றுகொண்டிருந்ததை நிறுத்தித் தட்டையே பார்த்தாள்.

பாண்டீஸ்வரியின் கை மடிக்குத் திரும்பியது. இனி இப்படி இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. கை கழுவுகிற இடத்தைக் காட்டு என்று மகளை எழுப்பிக்கொண்டு போனாள்.

"நான் சாப்பிடவா, வேணாமா? நீ சொல்லு."

"பிடிக்கலையாம்மா? வேற சொல்லவா? வெறும் சோறு, முட்டை போட்டு..."

"சோத்தக் கேக்கல தாயி. ஒன்னயக் கேக்குறேன்."

பவதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. குழாயைத் திறந்தவள் மூட மறந்து நின்றாள்.

"எனக்கே தெரியலம்மா. நல்லவன்தான். ஆனா சரின்னு சொல்ல வாய் வரல. வேணாம்னும் சொல்ல வரல."

சரி என்பாள், அல்லது வேண்டாம் என்பாள் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள் பாண்டீஸ்வரி. இந்த மூன்றாவது பதிலை எங்கே வைப்பது? குழாயை அவளே மூடினாள்.

"அப்ப நான் இன்னைக்குச் சாப்பிடல."

"பசிக்குமேம்மா. காலையிலயும் ஒண்ணும் சாப்பிடல."

"பசிச்சா என்ன? நீ ஒனக்குத் தெரியும்போது சொல்லு."

திரும்பி வந்து உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "தப்பா நெனைக்காதீக மதினி. பிள்ளைக ரெண்டும் இன்னும் கொஞ்சம் பேசிக்கிடட்டும். இன்னைக்கு நாங்க கை நனைக்கல."

செழியன் ஒன்றும் விளங்காமல் பவதாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

சுகன்யா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "நல்லவேள நீங்க சொன்னீக. நானும் தண்ணிகூடக் குடிக்காம அதுக்குத்தான் ஒக்காந்திருக்கேன். இவங்கிட்டக் கேட்டா எதுக்கும் இல்ல இல்லங்கிறான். இது நீங்க வைக்கிற விருந்துன்னுல்ல நெனச்சோம்."

நீங்கள் வைப்பதாகத்தான் நாங்கள் நினைத்தோம் என்றாள் பாண்டீஸ்வரி. விஜயகுமார் சிரித்துவிட்டார். பிறகு பேச்சு தோட்டத்தில் யானை இறங்குவதிலும் அவர்களுடைய தேவாரத்துக் கொல்லையிலும் போய் நின்றது. வீரணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது.

மிச்சத்தையெல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். அத்தை ஒன்றும் சாப்பிடவில்லையே என்று செழியன் அதைப் பவதாவின் கையில் கொடுத்தான்.

ஆட்டோவில் பொட்டலம் பாண்டீஸ்வரியின் மடியில் கனத்தது. வாசம் மூக்கைத் துளைத்தது. கடைக்குப் பணம் யார் கொடுத்தது என்று பாண்டீஸ்வரி கேட்டாள். நானும் அவனும் பாதிப் பாதி என்றாள் மகள்.

பாண்டீஸ்வரி யோசித்தாள். பாதி நம்முடையது என்றால் நம் சோற்றை நாம் தின்பதில் தப்பில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரே டப்பாவில் சோறு, குழம்பு, மீன் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தது.

"இதுல நம்ம பாதி எது தாயி?"

பவதா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் டப்பாவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். வீரணன் கையை வைக்க வந்தபோது, கொஞ்சம் பொறுங்க மாமா என்று தடுத்து, விரலால் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. குழம்பு அந்தக் கோட்டை மூடிக்கொண்டது.